கழுத்துப் பட்டை இல்லாத நாய்



குழந்தைகளுக்காக எடுக்கப்பட்ட சித்திரத் திரைப்படம் ஒன்றில் மரண தண்டனைக் காட்சி இருக்கிறது என்றால் நம்புவீர்களா? வால்ட் டிஸ்னியின் நிறுவனம் 1955ஆம் ஆண்டு வெளியிட்ட ‘லேடி அண்ட் த டிராம்ப்’ என்னும் படத்தில் அப்படி ஒரு காட்சி உண்டு. ஊர் நாய்ப்பட்டியில், கம்பிகளுக்குப் பின்னால் பல நாய்கள் அடைபட்டுக் கிடக்கின்றன. அவற்றுள் நட்ஸி என்றொரு நாய். அதனைத் தேடி எவரும் வரவில்லை. பணியாளர் ஒருவர் வந்து அதனை அழைத்துச் செல்கிறார். போனால் திரும்பி வர இயலாத கதவு ஒன்று இருக்கிறது. அந்தக் கதவை நோக்கி நட்ஸி நடந்து போவதை மற்ற நாய்கள் மௌனமாகப் பார்த்து நிற்கின்றன. ஒரு நிமிடம் கூட நீடிக்காத காட்சி. இரத்தம் இல்லை, அலறல் இல்லை. ஆயினும் பார்த்தவர் மறக்க முடியாது.

படத்தின் பெயரைத் தமிழில் ‘சீமாட்டியும் நாடோடியும்’ எனலாம். லேடி, வசதியான வீடொன்றில் செல்லமாக வளரும் காக்கர் ஸ்பேனியல் இனப் பெண் நாய். டிராம்ப், ரயில் பாதையருகே பழைய பீப்பாய் ஒன்றில் படுத்துறங்கும் கலப்பினத் தெருநாய். இவ்விரண்டுக்கும் இடையே மலரும் அன்பைச் சொல்லும் கதை என்றே உலகம் இப்படத்தை நினைவில் வைத்திருக்கிறது. கூர்ந்து நோக்கினாலோ, கதை முழுவதும் ஒரு சிறு பொருளையே சுற்றி வருவதைக் காணலாம். லேடியின் கழுத்தில் கிடக்கும் பட்டைதான் அது.

நம் தெருக்களில் உலவும் நாயைப் பார்த்து, ‘இது யாருடையது?’ என்று நாம் கேட்பதில்லை. தெருவே அதற்குச் சோறு வைக்கும். தெருவே அதனை விரட்டவும் செய்யும். படத்தில் வரும் அமெரிக்கச் சிற்றூரின் வழக்கம் வேறு. அங்கே நாய் வளர்ப்பவர் உரிமம் பெற்று, அதற்கான வில்லையை நாயின் கழுத்துப் பட்டையில் தொங்கவிட வேண்டும். வில்லை இல்லாத நாய், நாய் பிடிக்கும் வண்டியில் ஏற்றப்படும். உரிமையாளர் எவரும் வராவிட்டால் அதன் முடிவு நட்ஸியின் முடிவுதான். அந்த நாய் யாரையாவது கடித்ததா, குற்றம் ஏதும் செய்ததா என்று எவரும் கேட்பதில்லை. அது யாருக்குச் சொந்தம் என்பது ஒன்றே அங்கே கேள்வி.

நம்மில் பெரும்பாலோர் வீடுகளில் நாய் வளர்க்கும் வழக்கம் இல்லை. ‘நாய்க் கதை நமக்கு எதற்கு?’ என்று சிலர் கேட்கலாம். சற்றுப் பொறுங்கள். இது நாய் வளர்ப்பைப் பற்றிய படம் அன்று.

தொப்பிப் பெட்டியில் வந்த பரிசு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள். குதிரை வண்டிகள் ஓடும் தெருக்கள். வால்ட் டிஸ்னி 1906 முதல் 1911 வரை, தம் பிள்ளைப் பருவத்தின் சில ஆண்டுகளைக் கழித்த மிசௌரி மாநிலத்து மார்சலைன் என்னும் சிற்றூரின் நினைவு இப்படத்தின் தெருக்களில் படிந்திருக்கிறது. கிறிஸ்துமஸ் இரவன்று, கணவன் தன் மனைவிக்கு ஒரு தொப்பிப் பெட்டியைப் பரிசளிக்கிறான். திறந்தால் உள்ளே தொப்பி இல்லை. நாய்க்குட்டி ஒன்று எட்டிப் பார்க்கிறது. இது கற்பனை அன்று. டிஸ்னி தம் மனைவி லில்லியனுக்கு ஒரு நாய்க்குட்டியை இவ்வாறே தொப்பிப் பெட்டியில் வைத்துக் கொடுத்திருக்கிறார்.

அந்தக் கணவன் மனைவியின் உண்மைப் பெயர் படம் முடியும் வரை நமக்குத் தெரியாது. மனைவி கணவனை ‘ஜிம் டியர்’, அதாவது ‘அன்பு ஜிம்’ என்று அழைக்கிறாள். கணவன் மனைவியை ‘டார்லிங்’ என்கிறான். கேட்டுக்கொண்டிருக்கும் நாய், அவைதாம் அவர்களுடைய பெயர்கள் என்று எண்ணிக்கொள்கிறது. படத்திலும் அவர்களுக்கு அவையே பெயர்கள். மனிதர்களின் முகங்களும் பல காட்சிகளில் முழுமையாகத் தெரிவதில்லை. காலணிகள், பாவாடையின் ஓரம், தாழ்ந்து வரும் ஒரு கை என்ற அளவிலேயே அவர்களைக் காண்கிறோம். நாயின் உயரத்தில் நின்று பார்த்தால் உலகம் அப்படித்தானே தெரியும்?

ஆறு மாதம் நிரம்பியதும் லேடிக்குக் கழுத்துப் பட்டையும் உரிம வில்லையும் கிடைக்கின்றன. அதனை அண்டை வீட்டு நண்பர்களிடம் பெருமையுடன் காட்டி மகிழ்கிறது. அந்த நண்பர்கள் இருவர். ஜாக் என்னும் ஸ்காட்டிஷ் டெரியர். டிரஸ்டி என்னும் முதிய மோப்ப நாய். டிரஸ்டிக்கு மோப்ப சக்தி போய்விட்டது. தம் பாட்டனாரின் துப்பறியும் பெருமைகளைச் சொல்லியே காலம் தள்ளுகிறது. ‘இந்தக் கதையை முன்பே சொல்லிவிட்டேனா?’ என்று அது கேட்டால், ‘பலமுறை சொல்லிவிட்டாய்’ என்கிறது ஜாக். வீட்டில் முதியவர்கள் இருப்போருக்கு இந்த இடம் நன்கு விளங்கும்.

பிறகு வீட்டின் போக்கு மாறுகிறது. டார்லிங் கருவுற்றிருக்கிறாள். முன்பு போல லேடியுடன் விளையாட எவருக்கும் நேரமில்லை. ஓர் அதட்டல், ஒரு தட்டு. லேடிக்குக் காரணம் புரியவில்லை. அந்தப் பக்கமாக வந்த டிராம்ப் தன் அனுபவத்தைச் சொல்லி எச்சரிக்கிறது: வீட்டிற்குள் குழந்தை வந்தால் நாய்க்கு அங்கே இடம் இராது!

இரண்டாவது குழந்தை பிறந்த வீட்டில், மூத்த குழந்தையின் முகத்தை நீங்கள் கவனித்ததுண்டா? நேற்று வரை எல்லோர் மடியிலும் இருந்த பிள்ளை, இன்று கதவோரம் நின்று தொட்டிலைப் பார்க்கும் பார்வை! அதனை இப்படம் காட்டியிருக்கும் அளவுக்கு மனிதர்கள் நடித்த படங்களிற்கூட நான் கண்டதில்லை. குழந்தை பிறந்தபின் பெற்றோர் லேடிக்குத் தொட்டிலைக் காட்டுகிறார்கள். அதன்பின் அச்சம் நீங்கி, லேடியே அக்குழந்தைக்குக் காவலாகிவிடுகிறது.

இந்த இழையிலிருந்துதான் படமே பிறந்தது. டிஸ்னி நிறுவனத்தின் கதை ஓவியர் ஜோ கிராண்ட் என்பவர் வீட்டில் லேடி என்ற பெயரில் ஒரு நாய் இருந்தது. அவருக்குக் குழந்தை பிறந்ததும், அந்த நாய் ஒதுக்கப்பட்டுத் தவித்ததை அவர் கண்டார். அதனைச் சித்திரங்களாக வரைந்து 1937ஆம் ஆண்டிலேயே டிஸ்னியிடம் காட்டினார். சித்திரங்கள் டிஸ்னிக்குப் பிடித்திருந்தன, கதை பிடிக்கவில்லை. லேடி மிகவும் நல்ல பிள்ளையாக இருக்கிறது, எதிரே நிற்க ஒருவரும் இல்லை என்பது அவருடைய எண்ணம். ஆண்டுகள் ஓடின. இரண்டாம் உலகப் போர் குறுக்கிட்டது. அந்நாட்களில் ‘காஸ்மோபாலிட்டன்’ இதழில் வார்ட் கிரீன் என்பவர் எழுதிய சிறுகதை ஒன்று டிஸ்னியின் கண்ணில் பட்டது. எவருக்கும் கட்டுப்படாத, எதனையும் நம்பாத ஒரு நாயின் கதை அது. வீட்டுச் சீமாட்டிக்கு எதிரே நிற்க வேண்டிய நாடோடி அவருக்குக் கிடைத்துவிட்டான்!

விதையிலிருந்து வெளியீடு வரை 18 ஆண்டுகள். 76 நிமிடம் ஓடும் ஒரு படத்துக்கு!

பட்டிக்குள் ஒரு சமூகம்

கதையை முழுவதும் விவரிக்கப் போவதில்லை. பெற்றோர் வெளியூர் செல்கின்றனர். குழந்தையைக் கவனிக்க ஸாரா அத்தை தம் இரண்டு சியாமியப் பூனைகளுடன் வந்து சேர்கிறார். பூனைகள் செய்த அட்டூழியத்துக்கு லேடி பழி சுமக்கிறது. அதன் வாய்க்கு வாய்ப்பூட்டு மாட்டப்படுகிறது. மிரண்டு ஓடுகிறது லேடி. வெறிகொண்ட நாய்கள் துரத்த, டிராம்ப் அவற்றோடு போரிட்டுக் காப்பாற்றுகிறது. மறுநாள் காலை கோழிப் பண்ணை ஒன்றில் டிராம்ப் செய்த குறும்பில், அகப்பட்டுக்கொள்வது என்னவோ லேடிதான்.

நாய்ப்பட்டியில் லேடி சந்திக்கும் நாய்களைப் பாருங்கள். இலண்டன் தெருப் பேச்சுப் பேசும் புல், மெக்சிகோவின் பெட்ரோ, சுரங்கம் தோண்டித் தப்ப முயலும் ஜெர்மானிய டாக்ஸி, மாக்சிம் கார்க்கியை மேற்கோள் காட்டித் தத்துவம் பேசும் போரிஸ் என்னும் ரஷ்ய நாய். அமெரிக்காவும் ரஷ்யாவும் பகை கொண்டு நின்ற 1955இல், ஒரு நாயின் வாயில் கார்க்கியின் பெயர்! பட்டியில் அடைபட்டவை பலவும் அயல்நாட்டு உச்சரிப்பில் பேசுவது தற்செயல் அன்று என்றே கருதுகிறேன். கப்பலேறி வந்து, கையில் தாளின்றி நின்ற ஏழை மக்களின் சாயல் அவற்றுக்கு உண்டு.

லேடியின் கழுத்தைப் பார்த்து முதலில் அவை கேலி செய்கின்றன. பிறகு பெக் என்னும் நாய் பரிவுடன் விளக்குகிறது: அந்த வில்லைதான் வெளியே செல்வதற்கான அனுமதிச் சீட்டு, அது இல்லாதவை நடந்து போகும் வழி வேறு. இதன்பின்னரே நட்ஸியின் காட்சி வருகிறது. சிறிது நேரத்தில் லேடியின் பெயரை அழைக்கிறார்கள். வில்லையைப் பார்த்து வீட்டுக்குத் தகவல் போயிருக்கிறது! ஒரே கூண்டில் நின்ற இரண்டு நாய்கள். ஒன்றுக்குத் தெருவுக்குச் செல்லும் கதவு திறக்கிறது. மற்றதற்கு வேறு கதவு. நடுவில் இருப்பது ஒரு சிறு உலோகத் துண்டு.

கதையின் உச்சத்தில் இதே செய்தி இன்னும் கூர்மையாக வருகிறது. இரவில் எலி ஒன்று குழந்தையின் அறைக்குள் நுழைவதைச் சங்கிலியில் கட்டப்பட்டிருக்கும் லேடி கண்டு குரைக்கிறது. டிராம்ப் வீட்டிற்குள் பாய்ந்து, எலியைக் கொன்று குழந்தையைக் காக்கிறது. சண்டையில் தொட்டில் கவிழ்ந்துவிடுகிறது. ஓடி வந்த ஸாரா அத்தை காண்பது கவிழ்ந்த தொட்டிலும் அருகில் ஒரு தெருநாயும். அவருக்கு அது போதுமானதாக இருக்கிறது. வண்டி வரவழைக்கப்படுகிறது. செத்த எலி திரைச்சீலைக்குப் பின்னால் கிடக்கிறது. அதனைத் தேடிப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. ஊர் திரும்பிய ஜிம் டியர், லேடி காட்டிய பிறகே அதனைக் காண்கிறார்.

சிறு பிள்ளைகளுடன் பார்க்கும் பெற்றோர் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். எலிச் சண்டை மழை இரவில், நிழலும் மின்னலுமாக வருகிறது. நான்கு ஐந்து வயதுப் பிள்ளைகள் அஞ்சக்கூடும், அருகில் இருங்கள். அக்காட்சியை வரைந்த வுல்ஃப்காங் ரைதர்மன், எலியின் அசைவைக் கற்பதற்காகத் தம் மேசையருகே கூண்டில் எலிகளை வைத்திருந்தார்.

வரைந்த விதம்

இப்படம் உருவான நாட்களில் கணினி இல்லை. ஒரு நொடிக்கு 24 படச்சட்டங்கள் என்றால், 76 நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படச்சட்டங்கள். தாளில் பென்சிலால் வரைந்த ஒவ்வொரு அசைவையும், கண்ணாடி போன்ற தெளிந்த தகட்டில் மையால் மீண்டும் இழைத்து, பின்புறம் வண்ணம் தீட்டி, பின்னணி ஓவியத்தின் மீது வைத்துப் படம் பிடிக்க வேண்டும். மை இழைத்து வண்ணம் தீட்டியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுள் பலருடைய பெயர்கள் அக்காலத் திரையில் வந்ததில்லை.

கிளைட் ஜெரோனிமி, வில்பிரட் ஜாக்சன், ஹாமில்டன் லஸ்க் ஆகிய மூவர் இப்படத்தின் இயக்குநர்கள். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே இதனைச் ‘சினிமாஸ்கோப்’ என்னும் அகலத்திரையில் எடுப்பது என்று டிஸ்னி முடிவு செய்தார். இம்முறையில் வந்த முதல் முழுநீளச் சித்திரப் படம் இதுவே. உயரத்தைப் போல் இரண்டரை மடங்கு அகலம்! அதுவரை ஓரிடத்தில் நின்றபடி நடக்கும் உருவத்தின் பின்னால் பின்னணியை நகர்த்தி வந்தார்கள். இப்போது உருவமே திரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்து செல்ல இடம் கிடைத்தது. ஆனால் ஒரு முகத்தை மட்டும் அருகில் காட்டுவது கடினமாயிற்று. இருபுறமும் வெறுமையாகக் கிடக்குமே! போதாக்குறைக்குப் பல திரையரங்குகளில் அகலத்திரை வசதி இல்லை. எனவே பழைய சதுர வடிவிலும் இன்னொரு பிரதியைத் தயாரிக்க நேர்ந்தது. அகலச் சட்டத்தின் ஓரங்களில் நின்ற பாத்திரங்களை உள்ளே இழுத்து மறுபடியும் அமைத்தார்கள்.

வீட்டின் உட்புறத்தை நாயின் பார்வையில் காட்டுவதற்காக, கிளாட் கோட்ஸ் என்னும் பின்னணி ஓவியர் அறைகளின் சிறு மாதிரிகளைச் செய்து, தரையோடு தரையாகக் கேமராவை வைத்துப் படமெடுத்து, அவற்றைப் பார்த்து வரைந்தார். நாற்காலியின் கால்கள் தூண்களைப் போல் உயர்ந்து நிற்பது இதனால்தான்.

படத்தின் புகழ்பெற்ற காட்சி எது என்று கேட்டால், எவரும் உணவகத்தின் பின்புறக் காட்சியையே சொல்வார்கள். டோனி என்னும் இத்தாலியர் தம் உணவகத்தின் பின்வாசலில், இரண்டு நாய்களுக்கும் மேசை போட்டு, விளக்கேற்றி, ஸ்பெகட்டி பரிமாறுகிறார். சேமியாவைவிடத் தடித்த, நீளமான மாவு இழை அது. ஒரே இழையின் இரு முனைகளையும் இரண்டும் தின்றுகொண்டே வர, முகங்கள் சந்தித்துவிடுகின்றன. நாய்கள் ஸ்பெகட்டி தின்பது நகைப்புக்கிடமாக இருக்கும் என்று சொல்லி, இக்காட்சியையே நீக்கிவிட டிஸ்னி நினைத்தார். பிராங்க் தாமஸ் என்னும் ஓவியர் விடவில்லை. முழுக் காட்சியையும் தாமே வரைந்து காட்டினார். டிஸ்னி மனம் மாறினார். தலைவரின் கருத்துக்கு மாறாக ஒரு பணியாளர் உழைத்துக் காட்டியிராவிட்டால், படத்தின் மிகச் சிறந்த இரண்டு நிமிடங்கள் இல்லாமற் போயிருக்கும். என் கருத்தில், அக்காட்சியில் சிறப்புக்குரியவர் டோனிதான். பட்டையற்ற அந்த நாயை, ஊரிலேயே பெயர் சொல்லி வரவேற்று உபசரிக்கும் மனிதர் அவர். அவரும் அயல்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர் என்பதைக் கவனியுங்கள்.

டிராம்பின் உருவத்துக்கு மாதிரியாக இருந்த நாயைப் பற்றி ஒரு செய்தி நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. கதைக் குழுவினர் ஒருவர் தெருவில் ஒரு நாயைக் கண்டு, ‘இதுவே நம் டிராம்ப்!’ என்று எண்ணினாராம். மறுபடி தேடிச் சென்றபோது அது நாய்ப்பட்டிக்குப் போய்விட்டிருந்தது. அங்கே சென்று பார்த்தால், கொல்லப்படுவதற்குச் சில மணி நேரமே மிச்சம். மீட்டு வந்த அந்த நாய் பெண் நாய் என்றும், தன் எஞ்சிய நாட்களை டிஸ்னிலேண்டின் பின்புறத்திலேயே கழித்தது என்றும் கூறுவர்.

பெயர் இல்லாதவர்கள்

பெக் என்ற நாய் முன்பு வித்தைக் காட்சிகளில் ஆடியது; இப்போது பட்டியில் கிடக்கிறது. அதற்கு முதலில் வைத்த பெயர் மேமி. அமெரிக்க அதிபர் ஐசனோவரின் மனைவியார் பெயரும் மேமி என்பதால், அதனை மாற்றி, குரல் கொடுத்த பாடகி பெக்கி லீயின் பெயரையே சுருக்கி வைத்தார்கள். பெக்கி லீ, பெக்குக்கு மட்டுமன்றி டார்லிங்குக்கும் அந்தச் சியாமியப் பூனைகள் இரண்டுக்கும் குரல் கொடுத்தார். சன்னி பர்க் என்பவருடன் சேர்ந்து பாடல்களையும் இயற்றினார்.

கதையின் இறுதியில், நாய் வண்டியைத் தடுக்கும் முயற்சியில் முதிய டிரஸ்டி வண்டியின் அடியில் சிக்குகிறது. அது இறந்துவிடுவதாகவே டிஸ்னி எண்ணியிருந்தார். குழந்தைகள் தாங்கமாட்டார்கள் என்று பெக்கி லீ எடுத்துக் கூறியதால்தான், கால் முறிந்த அளவோடு டிரஸ்டி தப்பியது என்று சொல்லப்படுகிறது. இழந்துவிட்டதாக எல்லோரும் கருதிய மோப்பத்தைக் கொண்டே அந்த முதிய நாய் வண்டியைக் கண்டுபிடித்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அதனைச் சாகடித்திருந்தால் நானும் மன்னித்திருக்க மாட்டேன்.

பெக்கி லீக்கு இப்படத்தில் கிடைத்த ஊதியம் 3,500 டாலர். 1987இல் இப்படம் வீடியோ ஒளிநாடாவாக விற்பனைக்கு வந்து பெரும் பணம் ஈட்டியது. தம் இசைவின்றித் தம் குரலை விற்கக்கூடாது என்று பழைய ஒப்பந்தத்திலேயே விதி இருப்பதாகச் சொல்லி, அவர் 1988இல் வழக்குத் தொடுத்தார். 1991இல் அவருக்கு 23 லட்சம் டாலர் அளிக்கப்பட்டது. உடல் நலம் குன்றிய மூதாட்டியாக நீதிமன்றத்தில் நின்று பெற்ற வெற்றி அது.

அவர் குரல் கொடுத்த அந்தப் பூனைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாய்ந்த கண்கள், துருத்திய பற்கள், உடைந்த ஆங்கிலம். இவை பூனைகளின் இயல்புகள் அல்ல. கிழக்காசிய மக்களை மேலைநாட்டார் கேலியாக வரைந்து வந்த முறை. வந்தேறிகளின் மீது இரக்கம் காட்டும் அதே படம், இவ்விடத்தில் ஓர் இனத்தையே நகைப்புக்குரியதாக்கிவிட்டது. பிள்ளைகள் அப்பாடலைக் கேட்டுச் சிரிப்பார்கள். படத்தைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதைப் படம் முடிந்ததும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். 2019இல் உண்மை நாய்களைக் கொண்டு இக்கதையை மீண்டும் எடுத்தபோது, அந்நிறுவனமே அப்பாடலை நீக்கி, பூனைகளையும் வேறு இனத்தவையாக மாற்றிவிட்டது.

கதையின் முதல் விதையை இட்ட ஜோ கிராண்டோ, 1949ஆம் ஆண்டிலேயே டிஸ்னி நிறுவனத்தை விட்டு விலகிவிட்டார். ஆறு ஆண்டுகளுக்குப் பின் படம் வெளிவந்தபோது, கதை எழுதியோர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. நாய்க்கு அவர் இட்ட பெயர் படத்தின் தலைப்பில் ஒளிர்ந்தது. அவர் பெயருக்கு இடமில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அவர் அதே நிறுவனத்துக்குத் திரும்பி வந்து, ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’, ‘லயன் கிங்’ ஆகிய படங்களுக்கு உழைத்தார். 2005ஆம் ஆண்டு மே மாதம், தம் 97ஆவது பிறந்த நாளுக்குச் சில நாட்கள் இருக்கையில், வரைபலகை முன் அமர்ந்தபடியே காலமானார். இக்கதையில் அவருக்கிருந்த பங்கு, 2006இல் வெளியான குறுந்தகட்டுப் பதிப்பில்தான் விரிவாக எடுத்துச் சொல்லப்பட்டது.

படத்தின் முடிவில் மறுபடியும் கிறிஸ்துமஸ். லேடிக்கு நான்கு குட்டிகள். மூன்று தாயைப் போல, ஒன்று தந்தையைப் போல. டிராம்பின் கழுத்தில் புத்தம் புதிய பட்டையும் வில்லையும்! பார்வையாளர் மகிழ்ந்து எழுந்து போகிறார்கள். எனக்கு மட்டும் ஒரு குறை. ஊரின் சட்டம் மாறவில்லையே! டிராம்ப் தப்பியது, அதற்கு ஒரு வீடு கிடைத்ததால். நீதி கிடைத்ததால் அன்று. பெக்கும் புல்லும் பெட்ரோவும் அந்தக் கூண்டில் என்ன ஆயின? படம் அவற்றைப் பிறகு காட்டவே இல்லை. பண்டிகை விளக்குகளின் ஒளியில் அவற்றை மறந்துவிடச் செய்கிறது. 1955ஆம் ஆண்டுப் படத்திடம் இதற்குமேல் எதிர்பார்ப்பது அதிகம் என்று சிலர் சொல்வார்கள். நட்ஸியைத் துணிந்து காட்டிய படத்திடம் எதிர்பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், தேசத்தின் செல்வமாகக் காக்க வேண்டிய திரைப்படங்களின் பட்டியலில் 2023ஆம் ஆண்டு இப்படத்தையும் சேர்த்தது. 2019ஆம் ஆண்டுப் படத்தில் டிராம்பாக நடித்தது, மாண்டி என்னும் கலப்பின நாய். விலைக்கு வாங்கிய உயர்சாதி நாய் அன்று. நியூ மெக்சிகோ மாநிலத்தில் கைவிடப்பட்ட விலங்குகளின் காப்பகம் ஒன்றில், எவராவது வந்து அழைத்துச் செல்வாரா என்று கிடந்த நாய். படப்பிடிப்பு முடிந்ததும் அதனைப் பயிற்சியாளர் குடும்பமே வீட்டில் வைத்துக்கொண்டது.